மௌனச்சாமியும் டிராஃபிக் போலீசும்

அந்த வருடங்களில் எனக்குத் திங்கட்கிழமை காலை என்பது ஞாயிற்றுக்கிழமையின் மிச்சமாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் ஞாயிறு மதியம் நடக்கும் ஆட்டம் சிட்னிக்குத் திங்கள் காலையில்தான் வந்து சேரும். ஹோம்புஷ் ஸ்டேஷனை ஒட்டிய எங்கள் இரண்டாம் மாடி ஃப்ளாட்டில் போர்வையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு நானும் அவளும் நேற்றைப் பார்த்துக்கொண்டிருப்போம். கீழே ஓடும் ரயில்களில் மற்றவர்கள் இன்றைக்குள் போய்க்கொண்டிருப்பார்கள். ஜன்னல் வெயில் டிவியின் பச்சைப் புல்லில் விழுந்து, பந்து அந்த வெளிச்சத்துக்குள் நுழைந்து காணாமல் போய், மறுபக்கம் யாரோ ஒருவன் கையில் முளைக்கும். பாதித் தூக்கத்தில் அதைப் பார்ப்பது போன்ற சுகம் எனக்கு இன்றுவரை வேறெதிலும் கிடைக்கவில்லை.

அவள் என்றால் என் அறைத்தோழி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, எட்டு வயதில் மெல்பனுக்கு வந்து, ரோவிலில் வளர்ந்தவள். சிட்னிக்குப் படிக்க வந்திருந்தாள். நான் திருநெல்வேலியிலிருந்து புள்ளியியல் முதுநிலை படிக்க வந்தவள். எங்களை ஒரே ஃப்ளாட்டில் சேர்த்தது வாடகை. ஒரே சோஃபாவில் சேர்த்தது அந்த ஆட்டம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. ஒவ்வொரு முறையும் பந்து அவர் கைக்கு வரும். பிடிப்பதற்கென்று ஓடுகிறவர்களில் யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடிக்குள் அவர் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் எதிரணியினர் அவரைப் புரட்டிப் போடப் பாய்ந்து வருவார்கள். அப்போது அந்த நாட்டில் இரண்டு பெரிய குவார்ட்டர்பேக்குகள் இருந்தார்கள். யார் பெரியவர் என்று உலகம் முழுக்கச் சண்டை நடந்தது. அதில் ஒரு கிளைச் சண்டை எங்கள் சோஃபாவிலும் நடந்தது.

என் ஆள் பேசுகிறவர். பந்து வருவதற்கு முன்பே முன்னும் பின்னும் நடந்து, கையை நீட்டி, விரலைக் காட்டி, கத்தி, போட்ட திட்டத்தைக் கடைசி நொடியில் கலைத்து வேறொன்று போடுவார். அவள் அவருக்கு வைத்த பெயர் டிராஃபிக் போலீஸ். அவளுடைய ஆள் அசையமாட்டார். தெப்பக்குளத்துத் தண்ணீர் மாதிரி நிற்பார். பந்து வரும், போகும், ஆட்டம் முடிந்திருக்கும். நான் அவருக்கு வைத்த பெயர் மௌனச்சாமி.

“ஏட்டி, உன் சாமிக்கு என்ன வேலை? அவனைச் சுத்தி நிக்கவனுவ எல்லாம் மலை மாதிரி. பிடிக்கவன் எல்லாம் மாயாவி. அந்த டீம்ல என்னைய நிப்பாட்டினாலும் ஜெயிப்பேன்.”

“உம்மட போலீஸ்காரர் கத்துற கத்துக்குப் பந்து பயத்திலயே போய் விழுகுது.”

“அவர் டீமைப் பாரு. அவர் ஒருத்தரை எடுத்துட்டா அங்க ஒண்ணுமே இல்ல. அதுதான் பெருமை.”

“அது பெருமையோ? அப்ப மிச்ச ஆக்களை அவர் இவ்வளவு நாளும் என்ன செய்து வச்சிருந்தவர்?”

நான் உடனே லேப்டாப்பைத் திறந்து வரைபடம் போட உட்கார்ந்துவிடுவேன். படித்த படிப்பு சும்மா இருக்க விடாது. ஆளின் திறமை ஒரு பக்கம், அணியின் பலம் ஒரு பக்கம். இரண்டையும் பிரித்துவிட்டால் விடை வந்துவிடும் என்று நம்பினேன். எப்படிப் பிரிப்பது என்றுதான் தெரியவில்லை. இந்த இருவரும் மோதுகிறார்கள் என்று எல்லாரும் சொல்வார்களே தவிர, இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்பதே கிடையாது. ஒருவர் ஆடும்போது மற்றவர் ஓரத்தில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருவர் கனவை ஒருவர் முறை வைத்துக் காண்பது போல.

பார்த்துப் பார்த்து எங்களுக்கும் கை ஊறத் தொடங்கியது. பக்கத்துப் பூங்காவில் பெண்களுக்கென்று ஒரு சிறிய அணி இருந்தது. அங்கே யாரும் யாரையும் கீழே தள்ளுவதில்லை. இடுப்பில் இரண்டு துணி நாடாக்கள் தொங்கும். பந்து வைத்திருப்பவளின் நாடாவை உருவிவிட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும். பக்கத்துக்கு ஐந்து பேர். கொரியப் பெண்கள் இருவர், லெபனானியக் குடும்பத்துப் பெண், டோங்காத் தீவுக்காரி, இன்னும் சிலர், நாங்கள் இருவர் என்று மொத்தம் பத்துப் பேர் சேர்ந்தோம். பயிற்சியாளர் எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர். கனடாவில் இதே ஆட்டத்தை ஆடிவிட்டு இங்கே பிசியோதெரபி படிக்க வந்தவர். பத்துப் பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு என்னை எறிய வைத்தார், மறு பாதிக்கு அவளை. குளிர்காலம் முழுக்க ஞாயிறு மதியங்களில் நாங்கள் ஒருவரை எதிர்த்து ஒருவர் ஆடினோம். இயல்பாகவே நான் கத்தினேன். அவள் பேசாமல் எறிந்தாள்.

2010 செப்டம்பரில் பயிற்சியாளர் ஒரு செய்தி கொண்டுவந்தார். நவம்பரில் மெல்பனில் ஒருநாள் போட்டி. இரண்டு பாதியும் சேர்ந்து ஒரே அணியாகப் போகிறோம். எறிபவர் ஒருவர்தான். எறியும் கையை மாற்றிக்கொண்டே இருந்தால் பிடிக்கிறவர்கள் குழம்பிவிடுவார்கள் என்றார்.

அன்று ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் தோசை சாப்பிடும்போது அவள் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினாள்.

“அம்மா ஒருநாளும் என்ர ஆட்டத்தைப் பாத்ததில்லை. முதியோர் இல்லத்தில வேலை, சனி ஞாயிறுதான் அவவுக்குக் கூட ஷிஃப்ட். இந்த முறை ஆரோடயோ மாத்திப்போட்டு வாறா. மகள் எறியிறதைப் பாக்கப் போறன் எண்டு வேலையிடத்தில எல்லாருக்கும் சொல்லிப்போட்டா.”

“இன்னும் யாரு எறியப் போறான்னே முடிவாகலையே.”

“அதை அவவுக்கு எப்பிடிச் சொல்லுறது?” என்று சட்னியைத் தொட்டுக்கொண்டாள். பிறகு, “நீர் விட்டுக் குடுக்க வேண்டாம். குடுத்தால் கதைக்க மாட்டன்” என்றாள்.

விட்டுக் கொடுக்கும் எண்ணம் எனக்கும் இல்லை. அந்தப் பந்தைத் தவிர வேறு எதையும் நான் அந்த வருடம் அவ்வளவு ஆசையாகக் கையில் பிடித்ததில்லை. தூங்கப் போகும்போது உள்ளங்கையில் அதன் தையல் உறுத்தும். கண்ணை மூடினால் அது சுழன்றுகொண்டே போகும், எங்கேயும் விழாது.

யாரை எறிய வைப்பது என்பதற்குப் பயிற்சியாளர் கண்டுபிடித்த வழியைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் புல்லரிப்பும் சேர்ந்து வந்தன. அணிகளை மாற்றிப் போட்டார். என்னுடைய நாலு பேருக்கு அவள் எறிய வேண்டும், அவளுடைய நாலு பேருக்கு நான். யார் அதிகப் புள்ளி எடுக்கிறாரோ அவரே மெல்பனில் எறிவார். சோஃபாவில் நான் வாய்வலிக்கக் கேட்ட சோதனை இதுதான். டிவியில் இருந்த இருவருக்கும் எந்த நாளும் நடக்காத சோதனை ஹோம்புஷ் புல்வெளியில் எங்களுக்கு நடந்தது.

அந்த ஞாயிறு மதியத்தை நினைத்தால் முதலில் வருவது ஊதா நிறம். பூங்காவின் ஓரத்து ஜகரண்டா மரங்கள் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தன. எல்லைக்கோடு பூவுக்கடியில் மறைந்து போனதால் பயிற்சியாளர் தன் சட்டையையும் தண்ணீர் பாட்டில்களையும் வைத்து அடையாளம் போட்டார். காற்று இல்லை. பேச்சு எல்லாம் பஞ்சுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது.

நான் வழக்கம் போலக் கையை ஆட்டிக் கத்தத் தொடங்கினேன். அவளுடைய நாலு பேரும் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்துவிட்டுத் தங்கள் பாட்டுக்கு ஓடினார்கள். எறிந்தேன். விழ வேண்டிய இடத்தில் ஒரு கை ஏற்கெனவே விரிந்திருந்தது. மறுபடி எறிந்தேன், கொஞ்சம் கோணலாக. அந்த உயரமான கொரியப் பெண் தலையைத் திருப்பாமலே கையைப் பின்னால் விட்டு எடுத்துக்கொண்டாள். ஆற்றில் கல்லைப் போட்டால் ஆறு வாங்கிக்கொள்வது மாதிரி. நான் அதுவரை அப்படி எறிந்ததே இல்லை.

அவளோ என் நாலு பேரோடு தடுமாறினாள். அவள் பந்து சரியான இடத்துக்குத்தான் போயிற்று. ஆனால் என் ஆட்கள் நின்றுகொண்டு, யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தார்கள். சத்தம் வராத பக்கத்திலிருந்து பந்து வந்தபோது அது அவர்கள் தோளில் பட்டு விழுந்தது. டோங்காக்காரி என்னைத் திரும்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல அணி ஒன்று வானத்திலிருந்து விழுந்து அவளுக்குக் கிடைக்கவில்லை. வார நாட்களின் மாலையில் அவள் ஒவ்வொருத்தியாகக் கூட்டிப் போய் எறிந்து எறிந்துதான் அந்தக் கைகளை உண்டாக்கியிருந்தாள். நான் அப்போதெல்லாம் வீட்டிலிருந்து வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். ஆளையும் அணியையும் பிரிக்க நான் போட்ட கோடு எங்கேயும் விழமுடியாத கோடு. இது புரிந்தும் நான் ஆடிக்கொண்டுதான் இருந்தேன். போகப் போக என் ஆட்களும் அவள் எறிதலுக்குப் பழகிவிட, புள்ளிகள் சமமாக இருந்தன. கடைசி வாய்ப்பு என் கையில்.

பந்து வந்தது. பின்னால் நகர்ந்தேன். தடுக்கும் பக்கத்திலிருந்து அவள்தான் என்னை நோக்கிப் பாய்ந்து வந்தாள். என் நாடாவை எட்டிப் பிடிக்கத் தாவினாள், பூவில் வழுக்கி என் முன்னால் குப்புற விழுந்தாள். விலகி நகர்ந்த வேகத்தில் என் கால் அவள் தலையில் பட்டது.

அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. பந்தை இடுக்கிக்கொண்டு குனிந்தேன். அவள் தலையைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நம் வீட்டில் யார்மேல் கால் பட்டாலும், புத்தகத்தின்மேல் பட்டாலும் செய்வோமே, அதேதான். அந்தப் பக்கம் என் ஆள் எல்லைக்குள் தனியாக நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

என் நாடா அவள் முகத்துக்கு முன்னால் தொங்கியது. சும்மா இழுத்தால் போதும். என் கடைசி வாய்ப்பு அங்கேயே முடிந்துவிடும், மெல்பன் இன்னும் அவளுக்கும் மிச்சமிருக்கும். அவளோ கையை நீட்டி என் விரலைப் பிடித்தாள்.

“பரவாயில்லை, விடும்” என்றாள்.

“நல்லாப் பட்டுட்டா?”

“இல்லை இல்லை.”

எட்டுப் பேரும் சிலையாக நின்றார்கள். லெபனானியப் பெண்தான் முதலில் வாய்விட்டுக் கேட்டாள், யாராவது இறந்துவிட்டார்களா என்று. பயிற்சியாளர் விசிலை வாயில் வைத்ததை மறந்து நின்றார். என்ன நடந்தது என்று நாங்கள் இருவரும் மாறி மாறி விளக்கினோம். ஒருத்தி ஏன் குனிந்தாள் என்பது அவருக்கு ஒருவழியாகப் புரிந்தது. மற்றவள் ஏன் நாடாவை உருவவில்லை என்பது கடைசிவரை புரியவில்லை. தலையைத் தொட்டுக் கும்பிடுகிறவளிடமிருந்து எதையும் பறிக்க முடியாது என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? இது கணக்கில் வராது, மறுபடி ஆடுங்கள் என்றார்.

மறுபடி ஆடினோம். அவள் இந்த முறை வழுக்கவில்லை. ஆனால் பந்து அதற்குள் என் கையைவிட்டுப் போயிருந்தது. கொரியப் பெண் அதை ஊதாப் பூக்களுக்கு மேலே பிடித்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் சொன்னேன். “ஏட்டி, அது உன் ஆளுங்க பிடிச்ச புள்ளி. நான் எறிஞ்சதுல பாதி கோணல். கோச்சுகிட்ட போய்ச் சொல்லிடுதேன்.”

“விசரே உமக்கு? வெண்டனீர், எறியும்.”

“அம்மா?”

அவள் சட்டையில் ஒட்டியிருந்த பூவை எடுத்து எடுத்து ரோட்டில் போட்டுக்கொண்டே வந்தாள். அடுத்த பயிற்சியில் பந்தைக் கொடுக்கிற வேலையை எனக்குத் தாருங்கள் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். சென்டர் என்பார்கள். வரிசையின் நடுவில் குனிந்து நின்று, பந்தைத் தன் கால்களுக்கு இடையே பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்குக்குத் தருகிறவர். கொடுத்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓடி, வேறு யாரும் இல்லாவிட்டால் வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்பார். பதறாத கை வேண்டும். அவளிடம் அது இருந்தது.

மெல்பனில் அந்த ஞாயிறு ஒரே நாளில் வெயில், சாரல், மறுபடி வெயில். அவள் அம்மா, எனக்கு அன்ரி, உட்கார ஒரு மடக்குக் கதிரையும் தின்ன ஒரு பெட்டி மீன் அடைத்த பணிஸும் கொண்டு வந்திருந்தார். வேலையிடத்துச் சீருடைக்கு மேலே நல்ல ஸ்வெட்டர் போட்டிருந்தார். மாற்றிய ஷிஃப்ட் மாலையில் இருந்தது.

முதல் ஆட்டம் தொடங்கியது. அவள் குனிவாள். தலை கீழே தொங்க, கால்களுக்கிடையே என் முகத்தைப் பார்ப்பாள். வானம் அவளுக்குக் கீழேயும் புல் மேலேயும் இருந்திருக்கும். நான் கண்ணைக் காட்டுவேன். பந்து என் கையில் வந்து அமரும், நான் தேடவே வேண்டாம். அன்று நான் கத்தவும் இல்லை. எங்கெங்கோ எறிந்தேன், யார் யாரோ பிடித்தார்கள். அவள் கொஞ்ச தூரம் ஓடிப் போய்க் கையை விரித்து நிற்பாள். வேறு யாராவது ஒருத்தி எப்போதும் இருந்துகொண்டே இருந்தாள்.

ஜெயித்துவிட்டு ஓரத்துக்கு வந்தோம். அன்ரி எங்கள் இருவருக்கும் பணிஸ் எடுத்துக் கொடுத்தார்.

“பிள்ளை நல்ல வடிவா எறியிறீர்” என்றார் என்னிடம். பிறகு குரலைத் தணித்து, “உவள் ஏன் ஒவ்வொருக்காலும் குனிஞ்சுகொண்டு நிக்கிறாள்?” என்றார்.

“அன்ரி, பந்து அவகிட்டருந்துதான் கிளம்பும்.”

“அதுக்கு உவள் சிட்னியில இருந்து வரவேணுமே? ஆரும் எடுத்துக் குடுக்கலாம்தானே.”

“அம்மா, சும்மா இருங்கோ” என்றாள் அவள்.

“நான் ஷிஃப்டை மாத்திப்போட்டு வந்தது உன்ர முதுகைப் பாக்கவே?”

அவள் வாய் நிறையப் பணிஸோடு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயில் நீண்ட நேரம் முகம் கழுவினாள். நான் அன்ரியிடம் எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன். காலில் தொடங்குவதா, தலையில் தொடங்குவதா, ஜகரண்டா மரத்தில் தொடங்குவதா என்று தெரியவில்லை. அதற்குள் அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இரண்டாவது ஆட்டத்தில் அன்ரி கதிரையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறினார். எங்களுக்கு எதிர்த்திசையில், எல்லைக்கு அப்பால், குனிந்தாலும் மகளின் முகம் தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டார். நாங்கள் முன்னேற முன்னேற அவருக்குப் பக்கத்தில் போனோம். பந்து போகிற பக்கம் எல்லார் தலையும் திரும்பும். அவர் தலை மட்டும் திரும்பவே இல்லை. பந்து அவள் கையைவிட்டுப் போன பிறகும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எறிய வேண்டிய நொடியில் எனக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தெரிந்தது. அந்த ஆட்டத்தையும் ஜெயித்தோம், மூன்றாவதில் தோற்று வெளியே வந்தோம்.

மற்றவர்கள் அன்றே கிளம்பிவிட, நாங்கள் இருவர் மட்டும் ரோவிலில் அவள் அம்மா வீட்டில் தங்கினோம். மறுநாள் திங்கட்கிழமை. டிவியில் டிராஃபிக் போலீசும் மௌனச்சாமியும் மோதும் ஆட்டம். வருடத்தில் ஒரு தடவை கிடைக்கிற வரம் அது. அவள் சோஃபாவின் ஒரு மூலை, நான் ஒரு மூலை. முதல் முறையாக இருவருக்கும் சண்டை போடத் தோன்றவில்லை. வெளியே யாரோ புல் வெட்டும் சத்தம் தேனீ மாதிரி வந்து வந்து போயிற்று.

அன்ரி குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

“இதில ஆர் உம்மட ஆள்?”

“கையை ஆட்டிட்டு நிக்காரே, அவர்.”

“உன்ர ஆள்?”

“அங்கால தொப்பியோட இருக்கிறார், அம்மா. அவற்ற முறை இன்னும் வரேல்லை.”

“ஆர் பெரியவர்?”

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அன்ரிக்கு அந்தக் கேள்வியில் ஆர்வம் போய்விட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டிவிக்குப் பக்கமாகச் சாய்ந்தார்.

“இவருக்கு முன்னால குனிஞ்சு நிக்கிறாரே, அவர் ஆர்?”

வருடக்கணக்காக அந்த முதுகுக்குப் பின்னால் நின்றவரைப் பற்றி எத்தனை காலைகள் பேசியிருக்கிறோம். அந்த முதுகின் பெயர் எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. நான் பையிலிருந்து லேப்டாப்பை எடுக்கப் போனேன்.

“இரும்,” என்றாள் அவள், என் மணிக்கட்டைப் பிடித்து. “இப்ப குடுக்கப் போறார்.”

பந்து அவர் கால்களுக்கிடையே பின்னால் போயிற்று. என் ஆள் அதை வாங்கிக்கொண்டு நகர்ந்தார், எறிந்தார். கேமரா பந்தோடு போகத் தொடங்கியது. நாங்கள் மூன்று பேரும் போகவில்லை. திரையின் கீழ்மூலையில், மறைவதற்கு முன்பான அரைநொடியில், மலை மாதிரி ஒருவன் அந்தக் குனிந்து நின்றவரைத் தள்ளி விழுத்தியிருந்தான். அவர் ஒரு கையை ஊன்றினார். முழங்காலை மடக்கினார். படம் நழுவிப் போயிற்று.

“எழும்பிட்டார்” என்று சொல்லிவிட்டு, அன்ரி தேத்தண்ணியைக் குடிக்கத் தொடங்கினார்.